முப்பத்து மூன்று டிகிரி

டைட்டஸுக்கு இடது காது கேட்காது. விசைப்படகில் பதினோரு வருஷம் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருந்ததில் போன காது. புன்னக்காயலில் அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் வலைக்காரர்கள். அவருக்கு வலை வரவில்லை, எஞ்சின்தான் வந்தது. கல்யாணமான வருஷம், மணப்பாட்டுக்கு நேரே நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், படகிலிருந்த ஆறு பேரும் இரண்டு நாள் மிதந்து கிடந்தார்கள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது. புறப்படும் முன் கழற்றிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கரை சேர்ந்த பிறகு அவருடைய மனைவி பிலோமினா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் டைட்டஸ் கரையில் வேலை தேடித் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கொக்கிரகுளத்தைத் தாண்டி, ஆற்றை ஒட்டி, நடக்க முடியாத பிள்ளைகளுக்கான மறுவாழ்வு இல்லம் ஒன்றில் பராமரிப்புக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட், சக்கர நாற்காலி, ஒழுகும் குழாய் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். பதினாறு வருஷமாக அந்த ஒரே ஆள் டைட்டஸ்தான்.

இல்லத்தின் பின்பக்கம் ஒரு குளம் உண்டு. முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கிற, கூரை போட்ட சின்னக் குளம். தரையில் ஓரடி எடுத்து வைக்க முடியாத பிள்ளையை நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தினால் உடம்பின் கனம் பாதிக்கு மேல் போய்விடும், கால் தானாக எழும்பும். ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முப்பத்து மூன்று டிகிரி. அதில் இரண்டு மூன்று குறைந்தாலும் முறுக்கிக் கிடக்கும் தசை இன்னும் முறுக்கிக்கொள்ளும், பிள்ளை வலியில் கத்தும்.

அந்தச் சூட்டைக் கொடுப்பது ஒரு ஹீட் பம்ப். வெளிநாட்டில் இருக்கும் ஒரு தொண்டு அமைப்பு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தது. ஆற்றங்கரையில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் இயந்திரத்துக்குள் போகும். அதிலிருக்கும் சூட்டை இயந்திரம் உறிஞ்சிக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரை வெளியே விட்டுவிடும். பார்க்க வருகிறவர்கள் கேட்டால் டைட்டஸ் சுருக்கமாகச் சொல்வார்: “வீட்டு ஃபிரிட்ஜ்தான். உள்பக்கம் கிணறு, பின்பக்கம் குளம்னு நெனச்சுக்கிடுங்க.”

அந்த இயந்திரத்தை அவர் பார்த்துக்கொண்ட விதத்தை மற்றவர்கள் கேலிகூடச் செய்வார்கள். காலை ஏழு மணிக்கு வந்ததும், கிணற்றுத் தண்ணீர் உள்ளே போகும் சூடு எத்தனை, வெளியே வரும் சூடு எத்தனை, பிரஷர் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அட்டையில் எழுதுவார். திங்கட்கிழமைதோறும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவார். கம்ப்ரசரின் மேல் ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியை வலது காதில் ஒட்டிச் சத்தம் கேட்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மின் இணைப்புகளை இறுக்குவார். வருஷத்தில் ஒரு முறை இரண்டு நாள் இயந்திரத்தை நிறுத்தி, உள்குழாயில் படிந்த உப்பை ஆசிட் கலந்த தண்ணீரால் கழுவி எடுப்பார். வெள்ளம் வரும் வரைக்கும் இயந்திரம் ஒரு நாள்கூட எதிர்பாராமல் நின்றதில்லை. அதனாலேயே அப்படி ஒன்று அங்கே ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில்தான் தொந்தரவு தொடங்கியது. ஆறு கரை புரண்டு கிணற்றை மூடிவிட்டுப் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கிணற்றில் பாதிக்கு வண்டல். அள்ளிப் போட்டார்கள். ஆனாலும் மாவு போன்ற மணல் அடியில் தங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அது கலங்கி மேலே வந்தது. வாரம் ஒரு முறை கழுவிய வடிகட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டியதாயிற்று. குளிர்ச்சி மிஞ்சினால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. அது வெள்ளத்தில் கெட்டுவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த குமரவேல், சென்சார் இல்லாமலே இயந்திரம் ஓடும்படி அந்த வயரை நேராக இணைத்துவிட்டு, “அண்ணாச்சி, பார்ட் சொல்லி விட்டிருக்கேன். வார வரைக்கும் இப்படி ஓடட்டும். ஃப்ளோ சுவிட்ச் இருக்குல்லா, அது பாத்துக்கிடும்” என்று சொல்லிப் போனான். பார்ட் அந்த வருஷம் முழுதும் வரவில்லை.

ஃப்ளோ சுவிட்ச் என்பது கிணற்றுக் குழாய்க்குள் தொங்கும் ஒரு சிறு தகடு. தண்ணீர் ஓடும்போது தகடு சாய்ந்து நிற்கும். ஓட்டம் குறைந்தால் நிமிரும். நிமிர்ந்த உடனே இயந்திரம் நின்றுவிடும். தகடு ஒழுங்காக நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் தண்ணீரை அடைத்து இயந்திரத்தை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். நிறுத்தினால் குளம் ஆறிவிடும். மறுபடி முப்பத்து மூன்றுக்கு ஏற ஒன்றரை நாளாகும்.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் ஆகஸ்டிலேயே டைட்டஸ் நிர்வாகி சத்தியநேசனிடம் போய் நின்றார்.

“சார், ரெண்டு நாள் ஷட்டவுன் வேணும். உள்ள மணலு எங்கெங்க போய் ஒக்காந்திருக்குன்னு தெரியல.”

சத்தியநேசன் கெட்டவர் இல்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரும் அவருக்கு மனப்பாடம். “டைட்டஸ், இந்த மாசம் மதுரையில இருந்து டாக்டர் வாராருவே. பிள்ளைங்கள தண்ணியில வச்சுத்தான் பாப்பாரு. அடுத்த மாசம் பாப்போம்” என்றார். அடுத்த மாதம் காலாண்டு லீவு; வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் லீவில்தான் வர முடியும். அதற்கடுத்த மாதம் தீபாவளி. ஒவ்வொரு தடவையும் சொன்ன காரணம் உண்மையான காரணமாகத்தான் இருந்தது. டைட்டஸ் திரும்பி வந்து வடிகட்டியைக் கழுவுவார்.

அந்த அக்டோபரில்தான் ஆறுமுகத்தாய் மகளோடு வரத் தொடங்கினாள். முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். மகள் விஜயஸ்ரீக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடக்கும். வாரத்தில் மூன்று நாள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். பத்து வயதுப் பிள்ளையை எத்தனை நாள் இடுப்பில் தூக்க முடியும்? பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட் வரைக்கும் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள்.

பயிற்சி கொடுப்பவள் ஜாய்சி. நவம்பரில் ஒரு நாள் அவள் குளத்திலிருந்து கூப்பாடு போட்டாள். “டைட்டஸ் அண்ணே! எல்லாரும் ஓடி வாங்க!” டைட்டஸ் கையில் கிரீஸோடு ஓடினார். விஜயஸ்ரீ குளத்தின் நடுவில், யாரும் பிடிக்காமல், கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு ஒரு கால். பிறகு இன்னொரு கால். ஐந்து எட்டு வைத்துவிட்டு ஜாய்சியின் மேல் விழுந்தாள். ஆறுமுகத்தாய் கைப்பிடிக் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மதுரை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: பிப்ரவரி கடைசியில் காலில் ஆபரேஷன். செய்தால் கம்பு ஊன்றியாவது தரையில் நடப்பாள். ஆனால் அதுவரைக்கும் தசை இளகியே இருக்க வேண்டும். ஒரு வாரம்கூடப் பயிற்சியை விடக் கூடாது.

டிசம்பரில் கம்ப்ரசரின் சத்தம் டைட்டஸுக்குப் பிடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் முன்பு நாலு டிகிரி குளிர்ந்து வெளியே வந்தது, இப்போது ஏழு குளிர்ந்து வந்தது. தண்ணீர் குறைவாக ஓடுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். இந்த முறை அவர் சத்தியநேசனின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டார்.

“சார், இனி தள்ள முடியாது. சொல்லிட்டேன்.”

சத்தியநேசன் நாட்காட்டியைப் புரட்டினார். “பொங்கலுக்கு முந்தின ஞாயிறும் திங்களும் எடுத்துக்கிடும். நானே எல்லாத்துக்கும் போன் பண்ணச் சொல்லுதேன்.”

டைட்டஸ் ஆசிட் கேனை வாங்கி வைத்தார். குழாய் மூட்டில் கசியாமல் இருக்கப் போடும் கேஸ்கெட் வாங்கி வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் பம்ப் அறைக்கு வெளியே நிற்கும்போது, ஆறுமுகத்தாய் மகளோடு வந்து நின்றாள்.

“அண்ணே, திங்கக்கெழம தண்ணி இல்லன்னு சொல்லுதாவ. செவ்வா பொங்கலு, வெள்ளி வரைக்கும் லீவு. ஒரு வாரம் ஆயிரும்லா? டாக்டர் ஒரு வாரம்கூட விடக் கூடாதுன்னு சொன்னாரே.”

டைட்டஸ் பதில் சொல்வதற்குள் விஜயஸ்ரீ சொன்னாள், “மாமா, நேத்து இருவத்தோரு எட்டு.”

ஐந்து மாதமாகச் சத்தியநேசன் தள்ளிப் போட்டதை அன்றைக்குத் தள்ளிப் போட்டவர் அவர்தான். “சரி தாயி, திங்கக்கெழம வாங்க. பொங்கலு கழிஞ்சு நான் பாத்துக்கிடுதேன்” என்றார். சத்தியநேசனிடம் போய், கேஸ்கெட் அளவு சரியில்லை, பொங்கல் கழிந்து செய்யலாம் என்று ஒரு பொய்யும் சொன்னார்.

மாதப் பராமரிப்பு அட்டையில் பதினெட்டு வரிகள் உண்டு. பதினோராவது வரி: ‘ஃப்ளோ சுவிட்ச் சோதிக்கப்பட்டது.’ மற்ற பதினேழையும் செய்துவிட்டு டிக் போட்டிருந்தார். அந்த ஒரு வரிக்கு மட்டும், மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும், கேஜைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஓடுகிறது, அப்படியானால் சுவிட்சும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து டிக் போட்டார். பத்து டிக்.

பொங்கல் லீவு முடிந்த அடுத்த வாரம், ஷட்டவுனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் மாடியில் ஒரு சக்கர நாற்காலியின் பிரேக்கைச் சரி செய்துகொண்டிருந்தார். முந்தின நாள் மலையில் மழை. ஆறு கலங்கி ஓடியது. காலையில்தான் வடிகட்டியைக் கழுவியிருந்தார். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் ஒரு மாற்றம். வலது காதைத் திருப்பினார். வண்டி மேட்டில் ஏறத் திணறுவது போல ஒரு முனகல். கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டுப் படி இறங்கினார்.

பம்ப் அறைக் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது வெள்ளை. கிணற்றுத் தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சும் எக்ஸ்சேஞ்சரின் மேல், குழாயின் மேல், நட்டுகளின் மேல் எல்லாம் உறைபனி பூத்திருந்தது. படகின் அடியறையில் வருஷக்கணக்காக ஐஸ் அள்ளிக் கொட்டியவர் அவர். அந்த நிறம் அவருக்குத் தெரியும். ஆனால் திருநெல்வேலியில், தலைக்கு மேல் வெயில் காயும்போது, ஒரு குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோகும் என்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தும் அவர் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடி ஸ்விட்சை அணைத்தார். அணைத்த அதே நேரம் உள்ளே ஏதோ சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ‘ஸ்ஸ்’ என்று வாயு வெளியேறும் சீறல்.

டைட்டஸ் இரண்டு உள்ளங்கையையும் அந்த வெள்ளையின் மேல் வைத்தார். கையின் சூட்டில் உருகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. தோல் ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தார்.

சாயங்காலம் குமரவேல் வந்து கழற்றினான். வடிகட்டி மூன்றே மணி நேரத்தில் சேற்றால் அடைந்திருக்கிறது. ஓட்டம் குறைந்திருக்கிறது. ஃப்ளோ சுவிட்சின் தகடு நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. அதன் மூட்டில் மணல் இறுகிச் சிமென்டு போலப் பிடித்து, தகடு சாய்ந்தபடியே நின்றிருந்தது. தண்ணீர் ஓடுகிறது என்று நம்பி இயந்திரம் மேலும் மேலும் சூட்டை உறிஞ்சியிருக்கிறது. நின்ற தண்ணீர் உறைந்து குழாயைக் கிழித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கம்ப்ரசர் வரைக்கும் ஏறிவிட்டது.

குமரவேல் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தான். “இது இன்னைக்கு நேத்து புடிச்சது இல்ல அண்ணாச்சி. ரொம்ப நாளாச்சு” என்றான். பிறகு, தான் இணைத்துவிட்டுப் போன வயர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைப் பையில் போட்டான். எக்ஸ்சேஞ்சரும் கம்ப்ரசரும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். குறைந்தது மூன்று மாதம்.

மறுநாளிலிருந்து டைட்டஸ் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். சமையல்கட்டிலிருந்து அண்டாக்களை இறக்கி, குளத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டார். நாலு அண்டா கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குளம் ஒரு டிகிரி ஏறும். விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் பன்னிரண்டு அண்டா ஊற்றி, இருபத்தாறை இருபத்தொன்பது ஆக்கினார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மறுபடியும் இருபத்தாறரை. சமையல்கார அம்மாள், காவலாளி, ஜாய்சி என்று ஆளாளுக்குச் சுமந்தார்கள். ஐந்தாம் நாள் காவலாளியின் காலில் வெந்நீர் கொட்டிவிட்டது. சத்தியநேசன் வந்து, “போதும்வே, விடும்” என்றார்.

அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் விஜயஸ்ரீயைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் இறங்கிய உடனே கால் இரண்டும் பின்னிக்கொள்ள, அவள் போட்ட கத்தலில் டைட்டஸ் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். ஆறுமுகத்தாய் பிள்ளையைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போனாள். அவர் முகத்தைப் பார்த்து, “நீங்க என்னண்ணே செய்வீங்க, மிஷினு” என்றாள். அவள் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் டைட்டஸ் அன்றைக்குத் தூங்கியிருப்பார்.

தொண்டு அமைப்பு பழுதுக்குக் காரணம் கேட்டு எழுதியிருந்தது. டைட்டஸ் ஒரு தாளில் முழுவதையும் எழுதினார். சென்சார் வயர், தள்ளிப்போன ஷட்டவுன், கேஸ்கெட் பொய், பார்க்காமல் போட்ட பத்து டிக். சத்தியநேசன் இரண்டு தடவை வாசித்தார்.

“இத அனுப்பினா ஒம்மள வச்சிருக்கச் சொல்ல மாட்டாங்க. அஞ்சு மாசம் தள்ளிப் போட்ட என்னைய மட்டும் வச்சிருப்பாங்களா? பார்ட்டும் வராது, பாத்துக்கிடும். யாருக்குவே பிரயோசனம்?”

“நடந்தது இதுதானே சார்.”

“நடந்தது வெள்ளம்” என்றார் சத்தியநேசன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “மணலு யாரு கொண்டாந்தா? ஆறு. அப்படித்தான் எழுதப் போறேன். அதுவும் பொய் இல்லல்லா.”

பொய் இல்லைதான். டைட்டஸ் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். கிழிக்கவும் மனம் வரவில்லை, யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் பிலோமினாவிடம் கொடுத்தார். அவள் வாசித்துவிட்டு, “சாப்பிட வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி கடைசியில் மதுரை டாக்டர் விஜயஸ்ரீயின் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். தசை பழையபடி இறுகிவிட்டது, இப்போது ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். டைட்டஸ் அன்றைக்கு அந்த அறைப் பக்கம் போகவில்லை. ஜாய்சி வந்து சொன்னாள். 

இயந்திரத்தின் பாகங்கள் மே மாதம் வந்து சேர்ந்தன. அக்கினி வெயிலில் குளம் யாரும் சூடாக்காமலே முப்பத்திரண்டில் கிடந்தது. குமரவேல் பொருத்தினான். புதிய சென்சார், புதிய சுவிட்ச். டைட்டஸ் மாதத்தின் முதல் திங்கட்கிழமை இயந்திரத்தை நிறுத்தியே தீருவது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். சத்தியநேசன் அதை வாசித்துவிட்டுத் தன் நாட்காட்டியிலும் குறித்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் ஆறுமுகத்தாய் மறுபடியும் வரத் தொடங்கினாள். விஜயஸ்ரீ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஜாய்சி இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் நிற்பாள். விட்டால் விழுவாள்.

ஜூலை முதல் திங்கட்கிழமை டைட்டஸ் வால்வை அடைத்தார். தகடு நிமிர்ந்தது, இயந்திரம் நின்றது. சுவிட்சைக் கழற்றி மூட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டுப் பக்கம் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தார். ஆறுமுகத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை போன் போட்டிருக்கிறார்கள். அவளுடைய போன் ரீசார்ஜ் முடிந்து கிடந்திருக்கிறது.

டைட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

“இன்னைக்குத் தண்ணி இல்ல தாயி. மிஷின நிறுத்தியாச்சு.”

“திரும்பப் போட முடியாதாண்ணே? ஒரு அரை மணிக்கூறு.”

“முடியாது தாயி.”

முடியும். கழற்றிய சுவிட்சைத் திரும்பப் பொருத்தி வால்வைத் திறந்தால் ஓடும். குளம்கூட இன்னும் முழுசாக ஆறவில்லை. அது அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். விஜயஸ்ரீ அம்மாவின் தோளில் தாடையை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை போலச் சொல்ல இப்போது எட்டுக் கணக்கு இல்லை.

“புதன்கெழம வாங்க” என்றார் டைட்டஸ். “கண்டிப்பா இருக்கும்.”

“அது தெரியும்ணே” என்றாள் ஆறுமுகத்தாய். பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வெயிலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். காவலாளி ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டான். டைட்டஸ் பம்ப் அறைக்குத் திரும்பிப் போய் மூட்டைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிக்கிறதற்குள், எவ்வளவு துடைத்தோம் என்பதையே மறந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து துடைத்தார்.